டிரெய்லர் சக்கர பேரிங்கைக் கவனிப்போம்!



குழுக் கடனில் டிராக்டர் டிரெய்லர் வாங்கிய உறுப்பினர் ஒருவரின் வண்டியில், போன அறுவடையின்போது நெல் மூட்டையோடு சக்கரம் கழன்று விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஆனால் ஒரு வாரம் வண்டி ஓடவில்லை. அந்த மாதத் தவணையும் நின்றது. "கிரீஸ் வச்சு எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டோம். "வாங்குனதுல இருந்து வைக்கவே இல்லையே மேடம்" என்றார். நம்மில் பலருக்கும் இதே நிலைதான்.

பேரிங் என்பது என்ன?

சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்புக்குள் உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாக இரண்டு பேரிங் இருக்கும். மொத்தச் சுமையையும் தாங்கிச் சுழல்வது இவைதான். கிரீஸ் காய்ந்தாலோ, சேறும் தண்ணீரும் உள்ளே போனாலோ உருளைகள் தேய்ந்து உடைந்துவிடும்.

நாமே பார்க்கலாம்

* லோடு இல்லாத வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். ஜாக்கியில் தூக்கியதும் அச்சுக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுங்கள்.
* சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். கடகடவென்று ஆடினால் பேரிங் லூஸ்.
* சுற்றிவிடுங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் தேய்மானம்.
* ஓடி வந்ததும் ஹப்பின் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுட்டால் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

பழைய கிரீஸை டீசலில் கழுவித் துடைத்து, உருளைகளில் குழியோ நீலம் பாய்ந்த நிறமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் உருளைகளோடு அவை ஓடும் வெளிவளையத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். உருளைகளுக்கு இடையில் புது கிரீஸை அழுத்தி வைத்து, ஆயில் சீலும் புதிதாகப் போட வேண்டும்.

சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்த வேண்டும். சக்கரம் லேசாகச் சுற்ற வேண்டும், ஆடவும் கூடாது. ரொம்ப இறுக்கினால் சூடேறி பேரிங் எரிந்துவிடும். நட்டைப் பூட்டும் பின் கட்டாயம் புதியதாக இருக்கட்டும். பழையதை நிமிர்த்தி மாட்டினால் முறிந்துவிடும்.

சில புது வண்டிகளில் மூடிய பேரிங் வரும். அதில் கிரீஸ் வைக்கவோ இறுக்கவோ முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

ஒவ்வொரு அறுவடைக்கு முன்பும், வண்டி தண்ணீரில் இறங்கிய பிறகும் பேரிங்கைப் பாருங்கள். கிரீஸ் வைத்த தேதியைக் குழுப் பதிவேட்டில் எழுதுங்கள். முக்கியமாக, ஆடித்தபசுக்குப் போகிறோம் என்று டிரெய்லரில் ஆட்களை ஏற்றாதீர்கள். அது சட்டப்படியும் தவறு.

கிரீஸ் செலவு கொஞ்சம்தான். சக்கரம் கழன்றால் போவது நம் தவணை மட்டுமல்ல, உயிரும்தான்!