திருச்சபையின் கதை – 9: ஆயரை ஆக்குவது யார்?

'எபிஸ்கோப்போஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு மேற்பார்வை பார்ப்பவர் என்று பொருள். தொடக்கத்தில் அதற்குச் சமயத்தோடு தொடர்பு இல்லை. ஏதென்ஸ் நகரம் தனக்குக் கீழ்ப்பட்ட ஊர்களுக்கு அனுப்பிய ஆய்வாளர்களும் அந்தப் பெயரால்தான் அழைக்கப்பட்டார்கள். தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு இதைக் 'கண்காணி' என்று பெயர்த்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ஆள் கட்டி வேலை வாங்கிய 'கங்காணி'யும் இதே சொல்தான். பொருளளவில் இதைவிட நெருக்கமான தமிழ்ச் சொல் கிடையாது. ஆனால் தோட்டத்துக் கங்காணிக்குக் கிடைத்த பெயருக்குப் பிறகு அதை ஒரு திருநிலையாளருக்குச் சூட்ட யாருக்கு மனம் வரும்? கத்தோலிக்கர் முன்பு மேற்றிராணியார் என்றார்கள், இப்போது ஆயர் என்கிறார்கள். தென்னிந்தியத் திருச்சபையில் அவர் பேராயர். ஆயர் என்பது முல்லை நிலத்து மேய்ப்பரைக் குறிக்கும் சொல். கையில் பிடிக்கும் வளைந்த கோலுக்கு அந்தப் பெயர் பொருந்துகிறது. அந்தக் கோலை அவர் கையில் கொடுப்பது யார் என்பதைப் பற்றித்தான் திருச்சபை ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் சண்டையிட்டது.

முதல் தலைமுறையில் அப்படி ஒரு கோலும் இல்லை, தனி ஆளும் இல்லை. பிலிப்பி நகரச் சபைக்கு எழுதும்போது பவுல் கண்காணிகள் என்று பன்மையில்தான் வாழ்த்துகிறார். எபேசு நகர மூப்பர்களை அவர் மிலேத்து துறைமுகத்துக்கு வரவழைத்துப் பேசும் இடத்தில், அதே மூப்பர்களைக் கண்காணிகள் என்றும் அழைக்கிறார். பெயர் இரண்டு, ஆட்கள் ஒன்றுதான். ஏறத்தாழ கி.பி. 110-இல் நிலைமை மாறியிருப்பது தெரிகிறது. அந்தியோக்கியாவின் இக்னாசியார் கைதியாக ரோமுக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் எழுதிய ஏழு மடல்களில், ஊருக்கு ஓர் ஆயர், அவரைச் சூழ மூப்பர்கள், அவர்களுக்குக் கீழே திருத்தொண்டர்கள் என்ற அமைப்பு தெளிவாக இருக்கிறது. ஆயருக்குத் தெரியாமல் எதையும் செய்யாதீர்கள் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அத்தனை முறை சொல்ல வேண்டியிருந்தது என்றால், எல்லா ஊரிலும் அப்படி நடக்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். ரோமுக்கு அவர் எழுதிய மடலில் அந்த நகர ஆயரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இரண்டாம் நூற்றாண்டில் ஞானவாதக் குழுக்கள் தங்களிடம் மறைவான போதனைகள் இருப்பதாகச் சொல்லிக்கொண்டபோது ஆயர் பதவிக்கு ஒரு புதிய பயன் கிடைத்தது. ஏறத்தாழ 180-இல் லியோன் ஆயர் இரேனியு, ரோமில் லீனு தொடங்கி எலூத்தேரியு வரை 12 ஆயர்களின் பெயர்களை வரிசையாக எழுதி வைத்தார். அப்போஸ்தலர் மறைவாக எதையாவது சொல்லியிருந்தால் இந்த வரிசையில் வந்தவர்களிடம் அல்லவா சொல்லியிருப்பார்கள் என்பது அவர் வாதம். அதன் பிறகு ஆயர் சபையின் நிர்வாகியாக மட்டும் இல்லை. போதனைக்கான சாட்சியாகவும் ஆனார்.

அவரைத் தேர்ந்தெடுத்தது ஊர்ச் சபை. குருக்களும் மக்களும் கூடி ஒருவர் பெயரைக் கூவிச் சொல்வார்கள், அக்கம்பக்கத்து ஆயர்கள் வந்து தலைமேல் கைவைத்துத் திருநிலைப்படுத்துவார்கள். 236-இல் ரோமில் அப்படிக் கூடியிருந்தபோது, ஊருக்கு வெளியிலிருந்து வந்திருந்த ஃபாபியன் என்பவர் தலையில் ஒரு புறா வந்து அமர்ந்ததாகவும், கூட்டம் ஒரே குரலில் அவரை ஆயராக்கியதாகவும் வரலாற்றாசிரியர் யூசேபியு எழுதியிருக்கிறார். புறாவை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். கூட்டம் கூவினால் ஆயர் உண்டு என்ற வழக்கத்துக்கு இந்தக் கதை நல்ல சான்று.

இந்த ஆயரிடம் எவ்வளவு இருந்தது? ஃபாபியனுக்குப் பின் வந்த கொர்னேலியு 251-இல் எழுதிய ஒரு மடல் கணக்கே கொடுத்துவிடுகிறது: ரோம் சபையில் 46 மூப்பர்கள், 7 திருத்தொண்டர்கள், 7 துணைத் திருத்தொண்டர்கள், 42 பீடப்பணியாளர்கள், பேயோட்டுவோரும் வாசிப்போரும் வாயில் காப்போரும் சேர்த்து 52 பேர், சபையின் பணத்தில் வாழ்ந்த கைம்பெண்களும் ஏழைகளும் 1,500-க்கு மேல். பேரரசு இன்னும் இந்தச் சமயத்தை ஏற்கவில்லை, நினைத்தபோதெல்லாம் கைது செய்துகொண்டிருந்தது. அப்போதே இத்தனை பேருக்குப் படியளந்தவர் ஆயர்.

மக்கள் ஏற்றி வைத்தவரை மக்கள் இறக்கலாமா? இந்தக் கேள்வியும் அதே பத்தாண்டில் எழுந்தது. எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று தேசியு பேரரசர் ஆணையிட்டபோது, ஸ்பெயினில் பசிலிதஸ், மார்சியாலிஸ் என்ற இரண்டு ஆயர்கள் அந்தச் சான்றிதழை வாங்கிவிட்டார்கள். அவர்களுடைய சபைகள் அவர்களை நீக்கி வேறு ஆயர்களைத் தேர்ந்தன. பசிலிதஸ் ரோமுக்குப் போய், ஆயர் ஸ்தேவானைத் தன் பக்கம் பேசவைத்துத் திரும்பினார். கைவிடப்பட்ட சபைகள் கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்கு எழுதின. கார்த்தேஜ் ஆயர் சிப்ரியன் 36 ஆயர்களோடு சேர்ந்து அனுப்பிய பதில் சபைகளின் பக்கம் நின்றது: தகுதியுள்ளவரைத் தேர்வதும் தகாதவரைத் தள்ளுவதும் முதன்மையாக மக்களின் உரிமை. ரோம் ஏமாற்றப்பட்டிருக்கிறது என்று நயமாகச் சொல்லி அந்தத் தீர்ப்பை அவர் ஒதுக்கினார். இத்தனைக்கும் சிப்ரியன் ஆயர் அதிகாரத்தைச் சிறிதும் விட்டுக்கொடுக்காதவர். துன்புறுத்தலின்போது சிறை சென்று பெயர் பெற்றவர்கள் தங்கள் விருப்பப்படி பாவமன்னிப்புச் சீட்டு எழுதிக்கொடுத்தபோது, அது ஆயரின் அதிகாரம் என்று அவர்களையே தடுத்து நிறுத்தியவர். 258 செப்டம்பர் 14 அன்று அவர் தலை வெட்டப்பட்டது.

பேரரசர் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தின் பக்கம் சாய்ந்ததும் கோலின் எடை கூடியது. உரிமையியல் வழக்குகளை ஆயரிடம் கொண்டுபோகலாம் என்று 318-இல் ஒரு சட்டம் வந்தது. இலவசமாகவும் விரைவாகவும் தீர்ப்புக் கிடைக்கும் என்றால் கூட்டத்துக்குக் குறைவா? ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீனார் நிலத்தகராறும் பாகப்பிரிவினையும் கேட்டுக்கொண்டு, சில நாள் பொழுது சாயும்வரை சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தார் என்று அவருடைய சீடர் பொசிதியு எழுதுகிறார். 325-இல் நைசியாவில் கூடிய சங்கம் ஆயரை ஆக்கும் முறையையும் வரையறுத்தது. மாகாணத்து ஆயர்கள் எல்லாரும் சேர்ந்து நியமிக்க வேண்டும். முடியாவிட்டால் குறைந்தது மூன்று பேராவது நேரில் வர வேண்டும், மற்றவர்கள் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். மாகாணத் தலைநகரின் ஆயர் அதை உறுதி செய்ய வேண்டும். அந்த மூன்று என்ற எண் இன்றைக்கும் மாறவில்லை.

பதவி பெரிதானதும் போட்டியும் பெரிதானது. 366-இல் ரோமில் தமசு, உர்சீனு என்ற இருவரின் ஆட்களும் மோதிக்கொண்டார்கள். ஒரே நாளில் ஒரு பேராலயத்துக்குள் 137 பிணங்கள் கிடந்தன என்று குறித்து வைத்திருப்பவர் அம்மியானுஸ் மார்செலினுஸ். அவர் கிறிஸ்தவர் அல்லர், அதனால் இரு தரப்பையும் சமமாக ஏளனம் செய்ய அவரால் முடிந்தது.

எட்டு ஆண்டு கழித்து மிலான் நகரில் அதே அளவுக்குப் பதற்றம். கிறிஸ்துவின் முழு இறைத்தன்மையை மறுத்த ஆரியு கொள்கையினரான ஆயர் இறந்துவிட்டார், அடுத்தவர் எந்தக் கட்சி என்பதில் தகராறு. கலவரம் வராமல் தடுக்க மாகாண ஆளுநர் அம்புரோஸ் ஆலயத்துக்கு வந்து பேசினார். கூட்டம் அவர் பெயரையே கூவத் தொடங்கியது. அவருக்கு அப்போது திருமுழுக்குக்கூட ஆகவில்லை. தப்பி ஓடப் பார்த்தார், நடக்கவில்லை. திருமுழுக்குப் பெற்று, சில நாளுக்குள் 374 டிசம்பர் 7-இல் ஆயரானார். 390-இல் தெசலோனிக்காவில் படைத்தளபதி ஒருவர் கொல்லப்பட்டதற்குப் பழியாக, பேரரசர் தியோடோசியுவின் வீரர்கள் விளையாட்டரங்கில் கூடியிருந்த மக்களை வெட்டிச் சாய்த்தார்கள். ஆயிரக்கணக்கில் செத்ததாகப் பிற்கால எழுத்தாளர்கள் சொல்கிறார்கள். அம்புரோஸ் ஆலய வாசலில் நின்று பேரரசரை மறித்த காட்சியை ஓவியர்கள் பல முறை வரைந்திருக்கிறார்கள். அது பிற்காலத்தில் பிறந்த கதை. உண்மையில் நடந்தது அதைவிடக் கூர்மையானது. ஆயர் உடல்நிலையைக் காரணம் காட்டி நகரை விட்டு விலகி இருந்தார். பேரரசர் மட்டும் படிக்கும்படி தன் கைப்பட ஒரு மடல் எழுதினார். மனம் வருந்தித் தவம் செய்யாதவரை அவர் முன்னிலையில் திருப்பலி ஒப்புக்கொடுக்க மாட்டேன் என்றார். தியோடோசியு அரச உடை களைந்து தவம் செய்தார். அதே அம்புரோஸ், காலினிக்கும் ஊரில் கிறிஸ்தவர்கள் எரித்த யூதத் தொழுகைக்கூடத்தைக் கட்டித்தரும்படி பேரரசர் இட்ட ஆணையையும் இதே வகை நெருக்குதலால்தான் திரும்பப் பெறவைத்தார் என்பதை ஓவியர்கள் வரையவில்லை.

மேற்கில் பேரரசு சரிந்தபோது ஊரில் எஞ்சிய அதிகாரி ஆயர்தான். மதிலைப் பழுதுபார்ப்பது, தானியம் பங்கிடுவது, படையெடுத்து வந்தவனோடு பேரம் பேசுவது எல்லாம் அவர் தலையில் விழுந்தன. இத்தனை பயனுள்ள ஆளை யார் நியமிப்பது என்பதில் புதிய அரசர்களுக்கு அக்கறை வந்ததில் வியப்பில்லை. 549-இல் ஓர்லியான்ஸ் சங்கம், குருக்களும் மக்களும் தேர்ந்தாலும் அரசரின் சம்மதமும் வேண்டும் என்று எழுதிக்கொடுத்தது. நடைமுறையில் சம்மதம் விரைவில் நியமனமாகிவிட்டது. ஜெர்மனியில் அரசர் முதலாம் ஓட்டோ இதை ஓர் ஆட்சிமுறையாகவே வளர்த்தார். தம்பி புரூனோவை 953-இல் கொலோன் பேராயராக்கி, லொத்தரிங்கியாவின் கோமகனாகவும் ஆக்கினார். கணக்கு எளிமையானது: பிரபுவுக்கு நிலம் கொடுத்தால் அது அவன் மகனுக்குப் போகும். ஆயருக்கு வாரிசு இல்லை, அவர் இறந்ததும் நிலம் மறுபடி அரசன் கைக்கு வரும். புதிய ஆயருக்கு மோதிரத்தையும் கோலையும் அரசனே கொடுத்தான்.

பதினோராம் நூற்றாண்டின் சீர்திருத்தக்காரர்களுக்குப் பொறுக்காதது இதுதான். ஆன்மாக்களை மேய்க்கும் கோலை வாள் பிடிக்கும் கை எப்படிக் கொடுக்கலாம்? 1075-இல் ஜெர்மன் அரசன் நான்காம் ஹென்றி மிலானுக்குத் தன் ஆளை ஆயராக்கினான். ரோம் ஆயரான திருத்தந்தை ஏழாம் கிரகோரி கண்டித்து எழுதினார். 1076 ஜனவரியில் ஹென்றியும் அவன் ஆயர்களும் வோர்ம்ஸ் நகரில் கூடி கிரகோரியைத் திருத்தந்தையாக ஏற்க மறுத்தார்கள். அடுத்த மாதம் கிரகோரி அவனைச் சபை நீக்கம் செய்து, குடிமக்கள் அவனுக்குச் செய்த சத்தியத்தையும் அவிழ்த்துவிட்டார். பிரபுக்கள் இதற்காகவே காத்திருந்தவர்கள். 1077 ஜனவரிப் பனியில், கிரகோரி தங்கியிருந்த கனோசாக் கோட்டை வாசலில் மூன்று நாள் ஹென்றி தவக்கோலத்தில் நின்று மன்னிப்புப் பெற்றான். அதோடு முடியவில்லை. ஹென்றி பிறகு ரோமையே பிடித்தான், கிரகோரி 1085-இல் சலேர்னோவில் நாடுகடந்த நிலையில் இறந்தார். அரசரின் கைகளிலிருந்து தேர்தலை மீட்கப் போராடிய கிரகோரியே, கர்தினால்கள்தான் திருத்தந்தையைத் தேர வேண்டும் என்ற 1059-ஆம் ஆண்டு விதியை ஒதுக்கிவிட்டு, 1073-இல் ரோம் மக்களின் கூச்சலால் பதவிக்கு வந்தவர்.

1122 செப்டம்பர் 23 அன்று வோர்ம்ஸிலேயே ஜெர்மன் பேரரசருக்கும் திருத்தந்தைக்கும் இடையே ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. மோதிரத்தையும் கோலையும் கொடுக்கும் உரிமையைப் பேரரசர் கைவிட்டார். ஜெர்மனியில் ஆயர் தேர்தல் அவர் முன்னிலையில் நடக்கலாம். நிலத்துக்கும் வரிக்கும் அடையாளமாக அவர் ஓர் அரச செங்கோலால் தொடுவார். ஒரே ஆளுக்கு இரண்டு பதவி, இரண்டு கோல் என்று பிரித்துக்கொண்டார்கள். ஐம்பது ஆண்டுப் போரில் பேரரசர் இழந்தது சடங்கு, நிலம் அல்ல. மைன்ஸ், டிரியர், கொலோன் பேராயர்கள் பேரரசரையே தேர்ந்தெடுக்கும் வாக்காளர்களாக 1356-இல் உறுதி செய்யப்பட்டார்கள். ஜெர்மனியில் ஆயர்கள் அரசாண்டது 1803 வரை நீடித்தது.

இந்தச் சண்டையில் உண்மையில் தோற்றது ஊர் மக்கள். வோர்ம்ஸுக்குப் பின் தேர்தல் என்றால் பேராலயக் குருக்கள் குழுவின் வாக்கு என்று ஆனது. 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் அதற்கான முறைகளை வகுத்தபோது பொதுமக்களுக்கு அங்கே இடமே இல்லை. பதினான்காம் நூற்றாண்டில் திருத்தந்தையர் பதவிகளைத் தாங்களே ஒதுக்கிக்கொண்டார்கள். பிறகு பிரான்ஸ் அரசர் தன் நாட்டு ஆயர்களை முன்மொழியும் உரிமையை 1516-இல் பேசி வாங்கிக்கொண்டார். ஸ்பெயின், போர்ச்சுகல் அரசர்கள் கடல் கடந்த நாடுகளுக்கும் அதே உரிமையைப் பெற்றார்கள். ஆயர்களைத் திருத்தந்தை சுதந்திரமாக நியமிக்கிறார் என்ற இன்றைய கத்தோலிக்க நடைமுறை பொது விதியாக எழுதப்பட்டது 1917-இல்தான். பழைமையானது என்று பலரும் நினைக்கும் விதிக்கு நூறு ஆண்டுகளே சற்றுக் கூடுதல் வயது.

இந்த வரலாறு முழுவதையும் சென்னைக்குள்ளேயே நடந்து பார்த்துவிடலாம். 1606-இல் உருவான மயிலை மறைமாவட்டத்துக்கு ஆயரை முன்மொழியும் உரிமை போர்ச்சுகல் அரசருடையது. கடற்கரையை ஒட்டிக் கொஞ்சம் வடக்கே போனால், 1830-களில் ரோம் நேரடியாக அமர்த்திய கத்தோலிக்கத் தலைவர் ஒருவர். போர்ச்சுகல் பாதிரிகளுக்கும் அவருக்கும் ஆகாது. 1835-இல் பிரிட்டிஷ் முடியின் ஆணையால் ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் கோரி வந்து சேர்ந்தார். ஒரே ஊர், மூன்று மேய்ப்பர்கள், கோல் கொடுத்த கைகள் மூன்று.

ஆங்கிலிக்கன் சபைக்கு இங்கிலாந்துடன் இருந்த சட்டத் தொடர்பு 1927-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவிழ்ந்தது. போர்ச்சுகலின் உரிமை அரசரைத் தாண்டிக் குடியரசின் கைக்கும் போனது. இந்தியா விடுதலை பெற்று மூன்றாம் ஆண்டில், 1950 ஜூலையில்தான் அந்நாடு மயிலை மீதான உரிமையை விட்டது. 1952-இல் மயிலையும் சென்னையும் ஒரே உயர்மறைமாவட்டமாயின.

இதற்கிடையில் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆயர்களைக் கொண்ட ஆங்கிலிக்கன் சபையும், அவர்கள் இல்லாமலே இருந்து பழகிய மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினரும் அதில் இணைந்தார்கள். பேராயர் வேண்டும், ஆனால் சபைச் சட்டத்துக்கு உட்பட்டவராக வேண்டும் என்பது அவர்கள் செய்துகொண்ட சமரசம். திருமண்டலப் பெருமன்றத்தில் குருக்களும் சபையாரும் வாக்களித்துச் சில பெயர்களை அனுப்புகிறார்கள். திருச்சபையின் தலைமை மன்றமான சினாடு அவற்றிலிருந்து ஒருவரை எடுக்கிறது. நைசியா விதித்தபடியே குறைந்தது மூன்று பேராயர்கள் கைவைக்கிறார்கள். பசிலிதஸ் காலத்து ஸ்பெயின் சபையாருக்கு இந்த முறை அந்நியமாகத் தோன்றியிருக்காது. முடிவு பிடிக்காதவர்கள் இப்போது கார்த்தேஜுக்கு எழுதுவதில்லை, உயர் நீதிமன்றத்துக்குப் போகிறார்கள்.