பேதி நின்ற பிறகும் வலி

கனடாவில் வாக்கர்டன் என்றொரு சிற்றூர். 2000 மே மாதம் பெய்த கனமழையில் மாட்டுச்சாணக் கழிவு ஊர்க் கிணற்றில் கலந்தது. குளோரினும் ஒழுங்காகச் சேர்க்கப்படவில்லை. ஈ.கோலை, கேம்பிலோபாக்டர் கிருமிகளால் ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றார்கள். 7 பேர் இறந்தார்கள்.

மற்றவர்களுக்குப் பேதி நின்றது. ஆனால் பலருக்கு வயிறு பழையபடி ஆகவே இல்லை. எட்டு ஆண்டுகள் கழித்தும், அன்று குடல் தொற்று கண்டவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு ஐபிஎஸ் எனும் குடல் எரிச்சல் நோய்க்குறி இருந்தது. தொற்று காணாதவர்களில் அது 5 சதவீதம்தான்.

இந்தக் கணக்கை நான் முதலில் சொல்லக் காரணம் உண்டு. வலி, உப்புசம், சாப்பிட்ட கையோடு கழிப்பறைக்கு ஓடுவது என்று அவதிப்படுபவரிடம் "எல்லாம் மனசுதான்" என்று சொல்லி அனுப்புவது இன்னும் நடக்கிறது. அது அநியாயம். கடும் தொற்று குடல்வாழ் நுண்ணுயிர்களின் சமநிலையைக் கலைத்துவிடலாம். குடல் சுவரில் மெல்லிய அழற்சி தங்கி, நரம்புகள் கூருணர்வு பெறுகின்றன. பிறகு சாதாரண வாயுகூட வலியாகத் தெரியும். மனக்கவலை இதைக் கூட்டும், உண்மைதான். அதற்காக நோயே கற்பனையாகிவிடாது. ஆகவே, எப்போதோ வந்துபோன பேதியையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்போது சிகிச்சை பெற்ற இடத்தில் உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி.

மலத்தில் ரத்தம், எடை குறைவு, காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் ஐபிஎஸ் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். பரிசோதனை அவசியம்.

ஐபிஎஸ்தான் என்று உறுதியானவர்களில் பலருக்கு இசப்கோல் என்ற நார்ச்சத்துத் தூள் உதவுகிறது. வெங்காயம், பூண்டு, கோதுமை, சில பயறு வகைகளைச் சில வாரம் நிறுத்தி, பின் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கும் உணவுமுறையும் உண்டு. உணவியல் நிபுணர் துணையோடு செய்யுங்கள், காலமெல்லாம் பத்தியம் வேண்டாம். ரிபாக்சிமின் என்ற ஆன்டிபயாடிக், பேதி மிகுந்த சிலருக்கு மருத்துவர் எழுதித் தருவது. மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்குவதல்ல.

புரோபயாடிக் விளம்பரங்களை நம்பிப் பணத்தைக் கொட்டுபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஐபிஎஸ் நோய்க்கு அவற்றை ஆய்வுகளுக்குள் மட்டும் பயன்படுத்தச் சொன்னது அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல். ஊட்ட உணவாக விற்கப்படும் பொருள் நோயைக் குணமாக்கும் என்று சொல்லிக்கொள்ள, நம் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை. டப்பாவில் அப்படி அச்சிட்டிருந்தால் ரசீதோடு பத்திரப்படுத்துங்கள். புகார் செய்யத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.