உங்களுக்குத் தெரியுமா? கற்பிட்டி மணலில் மவுண்டன் சைக்கிள்

மவுண்டன் சைக்கிள் 1970களில் கலிபோர்னியாவின் மரின் மலைச்சரிவுகளில் உருவானது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் போட்டியாகவும் சேர்ந்தது. கற்பிட்டியிலோ ஏறுவதற்கு மேடே இல்லை. ஆனாலும் அந்தத் தடித்த டயருக்கு இங்கே மணலில் வேலை உண்டு. காற்றைச் சற்றுக் குறைத்தால் டயர் பரந்து பதிந்து, புதையாமல் உருளும். தார் வீதிக்கு வந்ததும் மறுபடி காற்றடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் குழியில் விழும்போது டியூப் ரிம்முக்கடியில் நசுங்கி ஓட்டையாகும்.

பாலாவி உப்பளப் பக்கம் ஓடுபவர்களுக்குச் செயின்தான் தலைவலி. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். அதற்குப் பயந்து எண்ணெயைத் தாராளமாக ஊற்றுவது இன்னும் கெடுதல்: மணல் அதில் ஒட்டி, பல்சக்கரத்தையே தேய்த்துத் தின்றுவிடும். நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்தால் போதும். புதுச் செயினில் 24 கண்ணிகளின் நீளம் 304.8 மில்லிமீற்றர். அது ஒன்றரை மில்லிமீற்றர் கூடிவிட்டால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பலரும் மறப்பது சீட் கம்பியை. அலுமினியக் கம்பி இரும்புச் சட்டத்துக்குள் உப்பீரம் பட்டு அரித்து இறுகினால், சுத்தியலுக்கும் அசையாது. இடைக்கிடை கழற்றிக் கிரீஸ் பூசுங்கள்.

சின்ன கியர் இங்கே வீண் என்பார்கள். மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்றை எதிர்த்துக் கற்பிட்டியிலிருந்து பாலாவிக்கு மிதித்துப் பார்க்காதவர்கள்!