சடப்பொருளிலிருந்து உணர்வு பிறக்குமா?

மணிமேகலைக் காப்பியத்தின் 27-ஆவது காதையில், வஞ்சி நகரில் பல சமயவாதிகளிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள் மணிமேகலை. கடைசியாகப் பேசுபவன் பூதவாதி. தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் பிறவற்றோடு கூட்டினால் மதுவின் களிப்பு பிறப்பதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றுகிறது என்பது அவன் வாதம். ஆனால், உயிருள்ள பூதம், உயிரற்ற பூதம் என்று தொடக்கத்திலேயே பிரித்துக்கொண்டதால், உயிர் எப்படி வந்தது என்ற கேள்வியை அவன் எளிதாகக் கடந்துவிட்டான்.

அறிவியலால் அப்படிக் கடக்க முடியவில்லை. 1828-இல் ஃபிரெடரிக் வோலர், உயிரினங்களின் சிறுநீரில் காணப்படும் யூரியாவை ஓர் உப்பிலிருந்து ஆய்வகத்தில் உருவாக்கினார். உயிர்ச் சேர்மங்களுக்கெனத் தனி 'உயிராற்றல்' தேவை என்ற நம்பிக்கை அப்போதே ஆட்டம் கண்டது. 1953-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ஸ்டான்லி மில்லர், பேராசிரியர் ஹெரால்டு யூரியின் வழிகாட்டலில், மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் கலத்தில் அடைத்து ஒரு வாரம் மின்பொறி பாய்ச்சினார். நீரில் அமினோ அமிலங்கள் தோன்றின. தொன்மைப் பூமியின் காற்றில் அந்த வாயுக்கள்தாம் நிறைந்திருந்தனவா என்ற ஐயம் பின்னர் எழுந்தது உண்மை. ஆயினும், பென்னு குறுங்கோளிலிருந்து 2023-இல் பூமிக்குக் கொண்டுவரப்பட்ட மண்ணில், நம் புரதங்களில் உள்ள 20 அமினோ அமிலங்களில் 14 இருந்தன. மரபணுக்களின் எழுத்துகளான ஐந்து காரங்களும் இருந்தன.

பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால் ஓர் எச்சரிக்கை. கிடங்கில் செங்கல்லும் மணலும் இருப்பதாலேயே வீடு எழுந்துவிடாது. மூலப்பொருள் கையிருப்பு வேறு, உற்பத்தி வேறு. 2016-இல் கிரெய்க் வென்டர் குழுவினர் 473 மரபணுக்கள் மட்டுமே கொண்ட உயிரணுவை உருவாக்கினர். அந்த மரபணுத் தொகுதி வேதிமுறையில் தயாரானதே. ஆனால், அது இயங்கத் தொடங்கியது ஏற்கெனவே உயிரோடிருந்த பாக்டீரியாவின் உடலுக்குள்தான். அதிலும் 149 மரபணுக்களின் பணி அப்போது தெளிவாகவில்லை. எனினும், இதை வழி தெரியாத பயணம் என்றே கருதுகிறேன்; வழியே இல்லாத பயணம் என்றல்ல.

உணர்வின் நிலை வேறு. உயிரைச் செரிமானம், வளர்ச்சி, இனப்பெருக்கம் என வெளியிலிருந்து அடையாளம் காணலாம். பல்வலியின் வேதனையை அதை அனுபவிப்பவர் மட்டுமே அறிவார். உணர்வுக்குரிய தெளிவான மூளைத் தடயம் 25 ஆண்டுகளுக்குள் கண்டறியப்படும் என்று நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் காக் 1998-இல் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023-இல் தோல்வியை ஒப்புக்கொண்டு மதுப்புட்டிகளைக் கொடுத்தார். பூதவாதி சொன்ன உவமையின் பொருளே பரிசாகக் கைமாறியது!

இது வெறும் தத்துவ விளையாட்டும் அன்று. சாலை விபத்தில் சிக்கி, ஐந்து மாதங்களாக எந்த அசைவுக் குறிப்பும் காட்டாதிருந்த 23 வயதுப் பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுமாறு ஏட்ரியன் ஓவன் குழுவினர் கூறினர். நலமாக உள்ளவர்களின் மூளையில் தூண்டப்படும் அதே பகுதி அவருக்கும் தூண்டப்பட்டதை ஸ்கேன் காட்டியது. 2006-இல் வெளியான அந்த ஆய்வு, 'உணர்வற்றவர்' என்ற சொல்லையே கேள்விக்குள்ளாக்கியது.

பூதவாதி கண்ணால் காண்பதை மட்டுமே ஏற்பவன். அவனைப் பார்த்து மணிமேகலை நகைக்கிறாள். உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறு எவ்வாறு அறிந்தாய் என்று கேட்கிறாள். பிறருக்கு உணர்வு உண்டு என்பதையும் நாம் அனுமானத்தால்தான் அறிகிறோம். 2024-இல் வெளியான ஓர் ஆய்வில், கட்டளைக்கு வெளிப்படையாக இணங்காத 241 நோயாளிகளில் 60 பேரின் மூளை அதற்குச் செவிசாய்த்தது தெரியவந்தது. ஆறு மையங்களில் நடந்த ஆய்வு அது. பெரும்பாலான மருத்துவமனைகளில், சொன்னால் கையை அசைக்கிறாரா என்று பார்த்தே இன்றும் முடிவெடுக்கிறார்கள்.