துப்பு – 14: கொல்ல மனம் வராதவர்கள்

போன வாரம் துப்பறியும் நாவலாசிரியர் ஆரணி குப்புசாமி முதலியாரோடு நின்றோம். இந்த வாரம் ராஜேஷ்குமாரின் துப்பறியும் ஜோடி விவேக், ரூபலா என்று அறிவித்திருந்தேன். ஆனால் 1894 என்று ஓர் ஆண்டு குறுக்கே வந்து விழுந்துவிட்டது. கட்டுரையை நேற்றே அனுப்பியிருக்க வேண்டும். ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். மூன்றாவது அழைப்புக்குள் முடித்தாக வேண்டும்.

ஆரம்பித்து வைத்தவர் எங்கள் பள்ளிப்பட்டில் விசைத்தறி போட்டிருக்கும் ஒரு நண்பர். எல்லை ஊர் என்பதால் எங்கள் ஊரில் பலர் இரண்டு மொழியிலும் கொலைகாரர்களைப் பிடிப்பார்கள். இங்கே தமிழ்வாணனின் சங்கர்லால், அந்தப் பக்கம் கொம்மூரி சாம்பசிவராவின் டிடெக்டிவ் யுகந்தர். நகரி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒன்று, திருத்தணி பஸ்ஸுக்கு ஒன்று. கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்து கொசஸ்தலையில் தண்ணீர் புரண்டு ஓடுகிற நாட்களில் இரண்டு பஸ்ஸும் வராது. அன்றைக்கு ஒரு நாவல் முழுசாக முடியும். இப்படி வளர்ந்தவர் அவர். கேட்டார்: "இன்னா சார், மாசத்துக்கு நாலு பேரைக் கொல்றாங்க. துப்பறியறவன் ஒருத்தனையாவது கொன்னுருக்காங்களா?"

வெளியூரில் கொன்றிருக்கிறார்கள். முதல் குற்றவாளி சர் ஆர்தர் கானன் டாயில். ஷெர்லக் ஹோம்ஸ் சிறுகதைகள் 'ஸ்ட்ராண்ட்' இதழில் வரத் தொடங்கியது 1891 ஜூலையில். அந்த நவம்பரிலேயே டாயில் தன் அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிறார், இவனைத் தீர்த்துக்கட்டிவிடலாம் என்று பார்க்கிறேன் என்று. அந்த அம்மா விடவில்லை. கூடாது என்று தடுத்ததோடு, கதைக்கு ஒரு பெண்ணின் தலைமுடியை வைத்து யோசனையும் சொல்லிக் கொடுத்தார். டாயில் அதை எழுதி முடித்தார். ஹோம்ஸின் ஆயுள் அம்மா தயவில் இரண்டு வருஷம் நீண்டது.

பிறகு பத்திரிகை இன்னும் பன்னிரண்டு கதை கேட்டபோது, தொந்தரவு ஒழியட்டும் என்று ஆயிரம் பவுண்டு கேட்டுப் பார்த்தார். கொடுக்கிறோம் என்றுவிட்டார்கள். (எனக்கு இப்படி ஒரு அனுபவம் வாய்த்ததில்லை என்பதை இந்த இதழின் கணக்குப் பிரிவு கவனிக்கவும்.) 1893-ல் சுவிட்சர்லாந்து போய் ரைக்கன்பாக் அருவியைப் பார்த்தார். அந்த டிசம்பரில் பேராசிரியர் மோரியார்ட்டியோடு கட்டிப்புரண்டு ஹோம்ஸ் அதில் விழுந்தார். டாயிலுக்குத் துக்கமே இல்லை. ஹோம்ஸைக் கொன்றாயிற்று என்ற அளவில் நாட்குறிப்பில் ஒரு வரி. லண்டன்காரர்கள் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு திரிந்தார்கள் என்பது பிற்காலத்து ஜோடனை. சந்தாவை நிறுத்தியவர்கள் இருபதாயிரம் பேர் என்று சொல்வார்கள். அதில் பாதி என்று வைத்தாலும் எந்த ஆசிரியருக்கும் வயிறு கலங்கும்.

கதையில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வாட்சனுக்குக் கிடைப்பது ஒரு கடிதம், சிகரெட் பெட்டி, ஊன்றுகோல், ஈர மண்ணில் திரும்பி வராத காலடிகள். பிணம் கிடைக்கவே இல்லை. மாத நாவல் படித்து வளர்ந்த எந்தப் பள்ளிப்பட்டுப் பையனும் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பான், ஆள் சாகவில்லை என்று. 1903-ல் டாயில் அவரை எழுப்பிக் கொண்டுவந்தார். அமெரிக்கப் பத்திரிகை ஒன்று பதின்மூன்று கதைகளுக்குக் கொடுத்தது 45,000 டாலர்.

இப்போது 1894-க்கு வருகிறேன். இந்த வாரம் முழுக்க நான் சந்தித்தவர்களை எல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்ன செய்தி இதுதான். டீக்கடையில் சொன்னேன், ஒருவரும் அசையவில்லை. நீங்களாவது அசையுங்கள்.

ஹோம்ஸ் செத்தது 1893 டிசம்பர் இதழில். தமிழின் முதல் துப்பறியும் கதைகள் என்று சொல்லத்தக்க 'தானவன்' புத்தகமாக வந்தது 1894-ல். எழுதியவர் பண்டித நடேச சாஸ்திரி. தானவன் ஒரு போலீஸ் நிபுணன். உலகத்தின் பெரிய துப்பறிவாளன் அருவியில் விழுந்து அவன் சந்தாதாரர்கள் புலம்பிக்கொண்டிருந்த அதே காலத்தில், சென்னையில் நம் ஆள் வேலையில் சேர்ந்துவிட்டான்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல தற்செயல் என்று விட்டிருப்பேன். ஹோம்ஸ் திரும்பி வரும் கதையை டாயில் 1903-ல் எழுதினாலும், கதைக்குள் அது நடப்பது 1894 வசந்தத்தில். கதைக் கணக்கில் மூன்று ஆண்டு தலைமறைவாக இருந்துவிட்டு, கிழட்டுப் புத்தக வியாபாரி வேஷத்தில் ஹோம்ஸ் வாட்சன் முன்னால் வந்து நிற்பது அந்த ஆண்டுதான். ஆக, அச்சடித்த கணக்கில் பார்த்தால் ஹோம்ஸ் இல்லாத உலகத்தில் தானவன் பிறக்கிறான். கதைக் கணக்கில் பார்த்தால் இருவரும் ஒரே ஆண்டில் வேலைக்கு வருகிறார்கள், ஒருவர் லண்டனில், ஒருவர் சென்னையில். எந்தக் கணக்கை எடுத்தாலும் எனக்கு மகிழ்ச்சியே.

நடேச சாஸ்திரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் நகர முடியாது. 1859-ல் பிறந்தவர். வேலை தொல்லியல் துறையில், கல்வெட்டுகளோடு. ஊர் ஊராகப் போன மனிதர் கல்லில் இருந்ததைப் படித்ததோடு நிற்காமல், கிழவிகள் சொன்ன கதைகளையும் சேகரித்தார். தென்னிந்திய நாட்டுப்புறக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டவர்களில் முன்னோடி அவர். அழிந்த எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்து, எந்த ராஜா யாருக்கு எந்த நிலத்தைக் கொடுத்தான் என்று முடிவுகட்டுகிற வேலையும் துப்பறிகிற வேலைதான். அப்படிப்பட்டவர் கையிலிருந்து தானவன் வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. 'தீனதயாளு' என்று நாவலும் எழுதினார். 1906-ல், ஐம்பது வயதுகூட ஆகாத நிலையில், திருவல்லிக்கேணிக் கோயில் உற்சவத்தில் மிரண்ட குதிரை ஒன்றால் அடிபட்டு இறந்துபோனார். தானவனைக் கொல்வதா வேண்டாமா என்று யோசிக்கும் அளவுக்கு அவருக்குக் காலம் கிடைக்கவில்லை.

நண்பரின் கேள்வி அப்படியே நிற்கிறது. வேகமாகப் பார்த்துவிடுவோம்.

அகதா கிறிஸ்டிக்கு ஹெர்குல் பொய்ரோவைக் கண்டாலே ஆகாது. தன் கதைகளிலேயே அரியாட்னி ஆலிவர் என்று ஒரு எழுத்தாளரை உருவாக்கி, அந்த அம்மாளுக்கு ஒரு பின்லாந்து துப்பறிவாளனைக் கொடுத்து, அவனை அவர் திட்டித் தீர்ப்பதாக எழுதி ஆற்றிக்கொண்டார். இரண்டாம் உலகப் போரில் லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது பொய்ரோ சாகும் கதையை எழுதிப் பூட்டிவைத்தார். உரிமையை மகள் பெயருக்கு எழுதிவிட்டார். அது 1975-ல் வெளிவந்தது. அதற்கு முன்பே, அந்த ஆகஸ்ட் 6-ஆம் தேதி, நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் பொய்ரோவுக்கு இரங்கல் செய்தி போட்டது. ஐந்து மாதம் கழித்து கிறிஸ்டியும் போய்ச் சேர்ந்தார். நிக்கோலஸ் ஃப்ரீலிங் 1972-ல் தன் டச்சு இன்ஸ்பெக்டர் வான் டெர் வால்க்கைக் கொன்றார். விசாரணையை விதவை தொடர்ந்தாள். காலின் டெக்ஸ்டர் 1999-ல் தன் இன்ஸ்பெக்டர் மோர்ஸை முடித்தார்.

வங்காளத்தில் வேறு மாதிரி. சரதிந்து பந்தோபாத்யாயின் துப்பறிவாளன் பியோம்கேஷுக்குக் கல்யாணம் ஆகிறது, பிள்ளை பிறக்கிறது, வயதாகிறது. நடுவில் ஏறத்தாழ பதினைந்து வருஷம் சரதிந்து அவனை எழுதவே இல்லை. 1951-ல் மறுபடி எடுத்தார். 1970-ல் அவர் காலமானபோது கடைசிக் கதை பாதியில் நின்றது.

நம்மிடம்? தேவன் 1957-ல் போனார். வங்கி குமாஸ்தா வேலையை இழந்து, மூக்கும் அசட்டு அதிர்ஷ்டமுமாகத் துப்பறிந்த சாம்பு அவருக்குப் பிறகும் மேடையில் நடமாடினார். தமிழ்வாணன் 1977-ல் காலமானார். சங்கர்லால் இன்னும் தேநீரைக் கீழே வைக்கவில்லை. சுஜாதாவின் வக்கீல் கணேஷ் 1968-ல் 'நைலான் கயிறு' கதையில் வந்தான், பிறகு வசந்த் சேர்ந்தான். நாற்பது வருஷத்தில் இருவருக்கும் ஒரு நரை விழவில்லை. 1978-ல் 'ப்ரியா' படத்தில் கணேஷாக ரஜினிகாந்தே வந்து போன பிறகும் அவர்களுடைய தம்புச் செட்டித் தெரு அலுவலகம் அப்படியே இருந்தது. வசந்த்தைக் கொல்ல முடியாததற்குத் தனியாக ஒரு காரணமும் உண்டு: மெக்சிகோ சலவைக்காரி ஜோக். பல கதைகளில் ஆரம்பித்து ஒன்றிலும் முடிக்காத ஜோக் அது. அதைச் சொல்லாமல் அவனைச் சாகவிட்டிருந்தால் வாசகர்கள் சுஜாதாவைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். 2008 பிப்ரவரி 27 அன்று சுஜாதா போனார். ஜோக்கும் கூடவே போனது.

ஏன் யாரும் கொல்லவில்லை? நண்பர் தன் கேள்விக்குத் தானே பதில் வைத்திருந்தார்: "அவன் செத்தா அடுத்த மாசம் புக்கு எப்டி சார் வரும்?" வியாபாரம் என்கிறார். எனக்கு அது போதவில்லை. டாயிலுக்கு இருந்ததைவிட வியாபாரக் காரணம் யாருக்கு இருந்தது? அப்படியும் கொன்றாரே.

என் கணக்கு வேறு. டாயில் தன்னைச் சரித்திர நாவலாசிரியராக நினைத்துக்கொண்டார். ஹோம்ஸ் அவரை வேறு எதையும் எழுத விடவில்லை. எழுதினாலும் உலகம் ஹோம்ஸைத்தான் கேட்டது. அந்த வெறுப்பு நம்மவர்களுக்கு வரவே வழியில்லை. சுஜாதா ஒரு வாரம் கணேஷ், மறுவாரம் ஸ்ரீரங்கம், நடுவில் கம்ப்யூட்டர், பக்கத்துப் பத்திரிகையில் ஆழ்வார்கள் என்று எழுதினார். எல்லாவற்றையும் அதே வாசகர்கள் அதே பெயருக்காகவே படித்தார்கள். தேவனுக்கு சாம்பு அலுத்தால் 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' இருந்தார், 'மிஸ்டர் வேதாந்தம்' இருந்தார். தமிழ் வாசகன் எழுத்தாளரின் பெயரைப் பார்த்துப் புத்தகம் வாங்குகிறான். துப்பறிவாளன் உள்ளே இருந்தால் லாபம், இல்லாவிட்டால் பாதகமில்லை. தமிழ்வாணன் ஒரு படி மேலே போய் துப்பறிபவருக்கே தமிழ்வாணன் என்று பெயர் வைத்து எழுதினார். எழுத்தாளரே கதாநாயகன் ஆகிவிட்ட ஊரில் யார் யாரை அருவியில் தள்ளுவது?

எனவே நம் துப்பறிவாளர்கள் சாகாததற்கு அன்பு காரணமில்லை, பணமும் முழுக் காரணமில்லை. அவர்களை வெறுக்கும் அளவுக்கு அவர்கள் யாரையும் அடிமைப்படுத்தவில்லை. இது என் தீர்ப்பு. ஆயிரக்கணக்கில் நாவல் எழுதிய ராஜேஷ்குமார் விஷயத்தில் இந்தத் தீர்ப்பு நிற்குமா என்பதை அடுத்த வாரம் விவேக்கை வைத்தே பார்க்கிறேன். பரத், சுசீலாவும் அப்போதுதான். பட்டுக்கோட்டை பிரபாகர் ரசிகர்கள் ஒரு வாரம் பொறுக்கவும்.

அதற்குள் ஒரு வேண்டுகோள். எழுத்தாளர் தன் துப்பறிவாளனைக் கொன்று, பிணத்தையும் காட்டி, மறுபடி எழுப்பாமல் விட்ட தமிழ் நாவல் உங்கள் பரணில் இருந்தால் தலைப்பையும் ஆண்டையும் இந்த இதழ் முகவரிக்கு எழுதுங்கள். தெலுங்கு நாவல் என்றாலும் பரவாயில்லை, படித்துச் சொல்ல எங்கள் ஊரில் ஆள் இருக்கிறது.