அதிரும் பொன்துகள்கள்
கண்ணாடித் தகட்டின்மேல் அமர்ந்திருக்கும் 50 நானோமீட்டர் விட்டமுள்ள தங்கத் துகள் ஒன்றின்மீது மிகக் குறுகிய லேசர் துடிப்பு பட்டதும், அதன் எலக்ட்ரான்கள் முதலில் சூடேறுகின்றன. ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் சில பங்குகளுக்குள், அந்த வெப்பம் அணுக்களுக்குப் போய்ச் சேர்கிறது. துகள் சட்டென்று விரிகிறது, பின் சுருங்குகிறது. மூச்சு விடுவதுபோல அதிர்கிறது. நொடிக்குச் சுமார் 6,000 கோடி அதிர்வுகள்! விட்டம் இருமடங்கானால் இந்த வேகம் பாதியாகும்.

இந்த அதிர்வு விரைவில் அடங்கிவிடும். ஒலிக்கும் மணியைக் கையால் தொட்டால் நாதம் அடங்குவதைப் போல, துகளைத் தாங்கும் பரப்பு ஒலி அலைகளாக ஆற்றலை இழுத்துக்கொள்கிறது. தொட்டிருக்கும் பகுதி சிறிதாக இருந்தால் இழப்பும் குறைவு. சுற்றிலும் நீர் இருந்தால் அதுவும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி இழப்பு உலோகத்துக்குள்ளேயே, படிகக் குறைபாடுகள் போன்றவற்றால் நிகழ்கிறது.

பல துகள்களை ஒன்றாக அளந்தால் ஏமாற்றமே மிஞ்சும். அளவில் சிறிது வேறுபடும் துகள்கள் தாளம் பிசகி ஒன்றையொன்று மறைப்பதால், அதிர்வு இன்னும் வேகமாக அடங்குவதாகத் தோன்றும். உண்மையான இழப்பை அறிய ஒற்றைத் துகளைத்தான் அளக்க வேண்டும்.