டாக்டரம்மா எழுதித் தரும் 'வி.டி.ஆர்.எல்.'

முழுகாமல் இருக்கும்போது டாக்டரம்மா எழுதித் தரும் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'வி.டி.ஆர்.எல்.' என்றிருக்கும். 'மேகப்புண்ணுக்கா? எனக்கெதுக்கு?' என்று பதறாதீர்கள். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எழுதுவதுதான். பட்டினி வேண்டாம், காபி குடித்துவிட்டே போகலாம். (கூடவே சர்க்கரைக்கும் எடுப்பதானால் கேட்டுக்கொள்ளுங்கள்.) கை நரம்பில் கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள், அவ்வளவுதான்.

'ரியாக்டிவ்' என்று வந்தாலும் நோய் நிச்சயம் என்றில்லை. கர்ப்பமே சில சமயம் அப்படிக் காட்டிவிடும், டி.பி.எச்.ஏ. பார்த்து உறுதி செய்வார்கள். நோய்தான் என்றால் தள்ளிப்போடக் கூடாது. குழந்தை வயிற்றிலேயே இறந்துவிடலாம். பென்சிலின் ஊசி தாயையும் சிசுவையும் காப்பாற்றும். அது ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள்.

அவரையும் அழைத்துப் போங்கள். 'நான் எதுக்கு?' என்பார். விடாதீர்கள்; அவருக்கு நோயிருந்து வைத்தியம் நடக்காவிட்டால் உங்களுக்கு மறுபடியும் தொற்றிவிடும்.